40 நாளா, 120 நாளா: கருக்கலைப்புச் சட்டத் திருத்தமும் ஃபிக்ஹு வாதங்களும்

கேள்வி இது: "ஷரீஅத் இறைவனுடையது, மாற்ற முடியாதது என்கிறார்கள். அப்படியானால் முஸ்லிம் நாடுகளில் கருக்கலைப்பு, கருத்தடை பற்றிய சட்டங்கள் அவ்வப்போது திருத்தப்படுவது எப்படி? வெளிநாட்டு நெருக்கடிக்கு உலமாக்கள் பணிந்துபோகிறார்களா, அல்லது மார்க்கச் சட்டத்துக்குள்ளேயே அதற்கு வழி இருக்கிறதா?"

வழி உள்ளேயே இருக்கிறது என்பதுதான் என் பதில். இந்த விஷயத்தில் ஃபிக்ஹு எனப்படும் மார்க்கச் சட்டத்துறையின் அறிஞர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகக் கருத்து வேறுபட்டு வந்திருக்கிறார்கள். அந்த வேறுபாடுகளை அவர்கள் மூடி மறைக்கவில்லை. பெயர் சொல்லி, காரணம் சொல்லி, மார்க்க நூல்களான கித்தாபுகளில் எழுதியே வைத்திருக்கிறார்கள். ஆனால் வழி இருப்பது மட்டும் ஒரு பெண்ணுக்கு உதவிவிடாது. ஃபத்வாவில், அதாவது அறிஞர்கள் தரும் மார்க்கத் தீர்ப்பில், திறந்த கதவு, சட்டமாக எழுதப்படும்போது நாள் கணக்கிலும் சான்றிதழிலும் சிக்கி அடைபட்டுப் போவதுண்டு. சீர்திருத்தம் வெல்வதும் தோற்பதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான். அதை விளக்க இந்தோனேசியாவை எடுத்துக்கொள்கிறேன். 20 கோடிக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வாழும் அந்த நாட்டில் மிகப் பெரும்பான்மையோர் ஷாஃபி மத்ஹபை, அதாவது ஷாஃபி சட்ட வழிமுறையைப் பின்பற்றுபவர்கள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் பின்பற்றப்படுவது அதே மத்ஹபுதான்; அங்கே ஓதப்படும் கித்தாபுகள் சில இங்கேயும் ஓதப்படுகின்றன. நான் சிறுவயதில் ஓதியது அவற்றைத்தான். சட்டம் படித்தது அதற்குப் பிறகு.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்த வேண்டும். ஷரீஅத் என்பது இறைவன் காட்டிய நெறி. ஃபிக்ஹு என்பது அந்த நெறியை மனிதர்கள் விளங்கிக்கொண்ட விதம். "மாறாதது" என்ற சொல் முன்னதற்குப் பொருந்தும். பின்னதில் நான்கு மத்ஹபுகள் இருப்பதும், ஒவ்வொரு மத்ஹபுக்குள்ளும் பல சொற்கள், அதாவது கருத்துகள், இருப்பதும், அது மனித முயற்சி என்பதற்கான சான்று.

கருக்கலைப்பு என்ற செயலைப் பெயர் குறிப்பிட்டுத் தடுக்கும் வசனம் எதுவும் குர்ஆனில் இல்லை. வறுமைக்கு அஞ்சிப் பிள்ளைகளைக் கொல்லாதீர்கள் என்ற கட்டளை 17ஆம் அத்தியாயத்தின் 31ஆம் வசனத்தில் இருக்கிறது. கரு படிப்படியாக உருவாவதை 23ஆம் அத்தியாயம் 12 முதல் 14 வரையான வசனங்கள் சொல்கின்றன: துளி, பற்றிக்கொள்ளும் கட்டி, சதைத்துண்டு, எலும்பு, எலும்பின் மேல் போர்த்திய சதை, அதன் பின் "வேறொரு படைப்பு". அந்த "வேறொரு படைப்பு" எந்த நாளில் நிகழ்கிறது என்பதுதான் அறிஞர்கள் கேட்ட கேள்வி. இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ், அதாவது நபிமொழி, புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு தொகுப்புகளிலும் வருவது, 40 நாள் துளியாகவும், அதேபோன்ற காலம் கட்டியாகவும், அதேபோன்ற காலம் சதைத்துண்டாகவும் இருந்த பிறகு வானவர் வந்து ரூஹை, அதாவது உயிரை, ஊதுகிறார் என்கிறது. மூன்று நாற்பதுகளைக் கூட்டினால் 120. ஹுதைஃபா இப்னு அஸீத் (ரலி) அறிவித்து முஸ்லிமில் பதிவான இன்னொரு ஹதீஸோ, 42 இரவுகள் கடந்ததும் வானவர் வந்து அதற்கு வடிவம் கொடுக்கிறார், செவிப்புலனும் பார்வையும் அமைக்கிறார் என்கிறது. 40 நாள் கட்சி, 120 நாள் கட்சி என்ற பிரிவுக்குப் பெரிதும் வேராக இருப்பவை இவ்விரு ஹதீஸ்களே.

இவற்றோடு ஒரு தீர்ப்பும் சேர்கிறது. ஹுதைல் குலத்துப் பெண்கள் இருவர் சண்டையிட்டு, ஒருத்தி எறிந்த கல்லில் மற்றவளின் கரு சிதைந்தபோது, கருவுக்கு ஈடாக 'குர்ரா' தரும்படி நபி (ஸல்) தீர்ப்பளித்தார்கள். ஓர் அடிமையோ அடிமைப் பெண்ணோ என்பது அதன் நேரடிப் பொருள். பிற்காலத்தில் அதன் மதிப்பை 5 ஒட்டகங்கள் என்று கணக்கிட்டார்கள். முழு மனித உயிருக்கான தியா, அதாவது இரத்த ஈட்டுத்தொகை, 100 ஒட்டகங்கள். கருவுக்குக் கிடைத்தது அதில் 20இல் ஒரு பங்கு. ஃபகீஹுகள், அதாவது ஃபிக்ஹு அறிஞர்கள், இதிலிருந்து இரண்டு முடிவுகளை ஒருசேர எடுத்தார்கள். கரு மதிப்பில்லாத பொருள் அல்ல, ஏனென்றால் அதற்கு ஈடு உண்டு. அது பிறந்த மனிதருக்குச் சமமும் அல்ல, ஏனென்றால் அதற்கான ஈடு வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டவர்களின் வாதம்தான் எப்போதும் நிதானமாக இருந்திருக்கிறது.

மத்ஹபுகளைப் பார்ப்போம். ஹனஃபிகளில் பலர் 120 நாளுக்கு முன் கலைப்பதை அனுமதித்தார்கள். தகுந்த காரணம் வேண்டும் என்று சிலர் நிபந்தனை வைத்தார்கள். டமாஸ்கஸில் 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு ஆபிதீன் எடுத்துக்காட்டும் காரணம் ஒன்று என் மனத்தை விட்டு அகலாதது. கைக்குழந்தையோடு இருப்பவள் மறுபடியும் கருத்தரிக்கிறாள், பால் வற்றிப்போகிறது, பாலூட்டும் தாதியை அமர்த்தத் தகப்பனிடம் காசு இல்லை, பிறந்த குழந்தை இறந்துவிடும் என்ற அச்சம். தாயின் உயிருக்கு ஆபத்து என்ற காரணத்தோடு நின்றுவிடாமல், ஓர் ஏழைக் குடும்பத்தின் அடுப்படி வரை அந்தச் சட்டச் சிந்தனை வந்திருக்கிறது. மாலிகிகள் இதற்கு நேர் எதிர்; கருப்பையில் தங்கிவிட்டதை 40 நாளுக்கு முன்பும் வெளியேற்றக் கூடாது என்பது அவர்களுடைய பலமான சொல். ஹன்பலிகளில் 40 நாள் வரை இடம் கொடுத்தவர்கள் உண்டு.

ஷாஃபிகள் தமக்குள்ளேயே பிரிந்து நின்றார்கள். பொன்னானியைச் சேர்ந்த ஸைனுத்தீன் மக்தூம் 16ஆம் நூற்றாண்டில் எழுதிய 'ஃபத்ஹுல் முயீன்' மலபாரிலும் நம் கடற்கரை ஊர்களிலும் ஓதப்படுவது. ஜாவாவின் பெசந்திரென்களிலும், அதாவது அங்குள்ள மதரஸாக்களிலும், அதுவே பாடம். அதில் இது பற்றிய வரிகள் மிகச் சில. கட்டியாகவோ சதைத்துண்டாகவோ இருக்கும் வரை கலைக்க மருந்து கொடுக்கலாம் என்று ஷாஃபி அறிஞர் அபூ இஸ்ஹாக் அல்மர்வஸீ ஃபத்வா கொடுத்ததாகச் சொல்கிறது. அந்த ஃபத்வா அடிமைப் பெண்ணைப் பற்றியது என்பதும் அங்கேயே எழுதப்பட்டிருக்கிறது. ஹனஃபிகள் அதையும் தாண்டிப் போய்விட்டார்கள் என்கிறது. புகழ்பெற்ற ஷாஃபி அறிஞர் கஸ்ஸாலியின் சொல்லோ முற்றாகத் தடுப்பதையே காட்டுகிறது என்றும், தன் ஆசிரியர் இப்னு ஹஜர் அதையே ஏற்புடையதாகக் கண்டார் என்றும் சொல்லி முடிக்கிறது. தடை என்ற முடிவுக்கு வரும் ஆசிரியர், தனக்கு எதிரான இரண்டு கருத்துகளையும் அதே பத்தியில் வைத்துவிட்டுத்தான் போகிறார். ஓதும் பிள்ளை மூன்றையும் ஓதித்தான் ஆக வேண்டும். "மார்க்கத்தில் ஒரே சொல்தான்" என்று மேடையில் முழங்குபவர்கள் இந்தப் பக்கத்தை மறந்துவிடுகிறார்கள்.

கஸ்ஸாலி தடுத்தார் என்பது உண்மை. எப்படித் தடுத்தார் என்பதும் முக்கியம். அஸ்ல் எனப்படும் புறவிலக்கை, அதாவது கருத்தரிக்காதிருக்க விந்தை வெளியே விடுவதை, அவர் அனுமதித்தார். பேறுகாலத்தின் ஆபத்திலிருந்து மனைவியைக் காப்பதும், பிள்ளைகள் பெருகி வாழ்க்கை நெருக்கடியாவதைத் தவிர்ப்பதும் அதற்கு ஏற்கத்தக்க நோக்கங்கள் என்றார். கலைப்பதை அவர் அதனோடு சேர்க்கவில்லை. உருவாகிவிட்ட ஒன்றின் மீது செய்யப்படும் குற்றம் அது என்றார். ஆனால் அந்தக் குற்றத்துக்குப் படிகள் வைத்தார்: தொடக்கத்தில் ஒரு அளவு, கட்டியாகும்போது கூடுதல், ரூஹு ஊதப்பட்டபின் இன்னும் கூடுதல், உயிரோடு பிறந்தபின் கொல்வதே உச்சம். கடுமையான கருத்து என்று எல்லோரும் மேற்கோள் காட்டும் கஸ்ஸாலியிடமே தரம் பிரிக்கும் பார்வை இருக்கிறது. 6 வாரத்துக்கும் 6 மாதத்துக்கும் ஒரே தண்டனை வைக்கும் சட்டத்துக்கு அவரைத் துணைக்கு அழைக்க முடியாது.

அப்படி ஒரே தண்டனை வைத்த சட்டம் இந்தோனேசியாவுக்கு வந்தது ஹாலந்திலிருந்து. டச்சு ஆட்சி 1918இல் நடைமுறைப்படுத்திய தண்டனைச் சட்டத்தின் 346ஆம் பிரிவு, தன் கருவைக் கலைத்துக்கொள்ளும் பெண்ணுக்கு 4 ஆண்டு வரை சிறை என்றது. மாதக் கணக்கு இல்லை. தாயின் உயிரைக் காப்பதற்குக்கூட வெளிப்படையான விதிவிலக்கு எழுதப்படவில்லை. விடுதலைக்குப் பிறகும் அதே சட்டம் தொடர்ந்தது. பல முஸ்லிம் நாடுகளின் கதையும் இதுவே, முஸ்லிம்கள் சிறுபான்மையாக வாழும் இலங்கையின் கதையும் இதுவே: அங்கே 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 303ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காப்பதற்கு மட்டும் இடமளிக்கும் ஆங்கிலேயச் சட்டம். பாகிஸ்தானிலும் அதே காலனிச் சட்டம் இருந்தது. 1990இல் கிஸாஸ், தியா சட்டம் கொண்டுவரப்பட்டபோது, உறுப்புகள் உருவாவதற்கு முன், உருவான பின் என்று ஃபிக்ஹின் படிநிலைகள் உள்ளே வந்தன. முதல் கட்டத்தில் தாயின் உயிரைக் காப்பதோடு "தேவையான சிகிச்சை" என்ற காரணமும் சேர்ந்தது; இரண்டாம் கட்டத்தில் உயிர் காப்பது மட்டும். அந்தச் சட்டத்தின் மற்றப் பகுதிகள் பெண்களுக்குச் செய்த கேட்டை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த ஒரு பிரிவில் காலனிச் சட்டத்தைவிட ஃபிக்ஹு விரிந்த இடம் கொடுத்தது என்பது பதிவில் உள்ள உண்மை. எனவே "ஷரீஅத்தான் தடை" என்று தொடங்கும் வாதம் பல இடங்களில் வரலாற்றைத் தலைகீழாக வைத்துப் பேசுகிறது.

இந்தோனேசியாவின் சீர்திருத்தம் கருத்தடையில் தொடங்கியது. 1970இல் தேசியக் குடும்ப நல நிறுவனம் அமைக்கப்பட்டதும், அஸ்லுடன் ஒப்பிட்டுக் கியாஸ் செய்து, தற்காலிகக் கருத்தடையை உலமாக்கள் ஏற்றார்கள். கியாஸ் என்பது ஒரு சட்டத்தின் 'இல்லத்'தை, அதாவது அதற்கு அடிப்படையான காரணத்தைக் கண்டுபிடித்து, அதே காரணம் உள்ள புதிய விஷயத்துக்கு அதைப் பொருத்துவது. ஆண்களுக்கான வாசெக்டமி அறுவை சிகிச்சை இதற்கு நல்ல உதாரணம். 1979இல் இந்தோனேசிய உலமா சபை அதை ஹராம், அதாவது மார்க்கத்தில் தடுக்கப்பட்டது, என்றது. இல்லத், நிரந்தரமாக மலடாக்குதல். நாளடைவில் குழாயை மறுபடி இணைக்கும் சிகிச்சை வந்துவிட்டது. 2012இல் அதே சபையின் கூட்டம், ஹராம் என்பதை அடிப்படை நிலையாக வைத்துக்கொண்டே, நிரந்தர மலட்டுத்தன்மை ஏற்படாது, மறுஇணைப்புக்கு உத்தரவாதம் உண்டு, நோக்கம் மார்க்கத்துக்கு முரணாக இல்லை என்பன போன்ற நிபந்தனைகளோடு விலக்களித்தது. யாருக்கும் பணிந்து கொடுத்த முடிவு என்று இதைச் சொல்ல முடியாது. காரணம் இருக்கும் இடத்தில் சட்டம் இருக்கும், காரணம் நீங்கினால் சட்டமும் நீங்கும் என்ற பழைய விதியைத்தான் பயன்படுத்தினார்கள்.

கருக்கலைப்பு அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. 1992ஆம் ஆண்டு சுகாதாரச் சட்டம், தாயைக் காப்பாற்ற "குறிப்பிட்ட மருத்துவ நடவடிக்கை" எடுக்கலாம் என்று மூடுமந்திரமாக எழுதியது. எந்த நடவடிக்கை என்று சொல்லவே துணியவில்லை. தெளிவு வந்தது 2005இல், உலமா சபையின் 4ஆம் எண் ஃபத்வா மூலம். கரு கருப்பைச் சுவரில் ஒட்டிய நேரத்திலிருந்தே கலைப்பது ஹராம் என்று அது தொடங்குகிறது. பிறகு இரண்டு வாசல்களைத் திறக்கிறது. ஒன்று ழரூரத்: தடுக்கப்பட்டதைச் செய்யாவிட்டால் உயிர் போகும் என்ற நிலை. தாய்க்குக் கடும் புற்றுநோய் போன்றவை இதில் வரும். மற்றொன்று ஹாஜத்: உயிர் போகாது, ஆனால் தாங்க முடியாத கடும் துன்பம். வன்புணர்ச்சியால் தரித்த கருவும், பிறந்தபின் குணப்படுத்த அரிதான மரபணுக் குறை உள்ள கருவும் இதில் வரும். ஹாஜத் வாசல் 40 நாளுக்கு உட்பட்டது.

வன்புணர்ச்சிக்கு ஆளான பெண்ணின் துன்பத்தை ஹாஜத் என்ற முறையான சட்டச் சொல்லுக்குள் கொண்டுவந்தது பெரிய காரியம்; டச்சுச் சட்டத்தில் அவளுக்கு இடமே இல்லை. 2009ஆம் ஆண்டின் 36ஆம் எண் சுகாதாரச் சட்டம் அந்த இரண்டு வாசல்களையும் ஏற்றுக்கொண்டது. கோளாறு நேர்ந்தது எண்ணும் முறையில். மருத்துவ அவசர நிலை தவிர மற்றவற்றுக்குக் கர்ப்பம் 6 வாரத்தைத் தாண்டக் கூடாது என்றும், அந்தக் கணக்கு கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து தொடங்கும் என்றும் சட்டம் எழுதியது. 2014ஆம் ஆண்டு அரசு விதி, வன்புணர்ச்சி தொடர்பாக, அதே தொடக்கத்திலிருந்து 40 நாள் என்று இறுக்கியது.

இதை நாட்காட்டியில் வைத்துப் பாருங்கள். ஒரு பெண்ணுக்கு ஜூன் 1ஆம் தேதி மாதவிடாய் வருகிறது. ஜூன் 14ஆம் தேதி வன்புணர்ச்சிக்கு ஆளாகிக் கருத்தரிக்கிறாள். ஜூன் 29ஆம் தேதி வர வேண்டியது வரவில்லை. பயத்தில் நாள் தள்ளிப்போவதும் உண்டு என்று ஒரு வாரம் தன்னைத் தேற்றிக்கொள்கிறாள். ஜூலை 10ஆம் தேதி சட்டத்தின் கதவு மூடுகிறது. நாள் தள்ளிப்போனதை உணர்ந்தது முதல் அவளுக்குக் கிடைத்தது சுமார் 12 நாள். அந்த 12 நாளுக்குள் வீட்டில் சொல்ல வேண்டும், காவல்துறைக்குப் போக வேண்டும், மருத்துவரிடம் கர்ப்பத்தின் வயதுக்குச் சான்று பெற வேண்டும். ஆனால் ஹதீஸ் பேசும் 40 நாள், தாயின் வயிற்றில் படைப்பு சேர்ந்ததிலிருந்து கணக்கிடப்படுவது. அந்தக் கணக்குப்படி கதவு ஜூலை 24ஆம் தேதி வரை திறந்திருக்க வேண்டும். ஜூலை 10ஆம் தேதி கருவின் வயது 26 நாள்தான். அதாவது, ஃபிக்ஹிலிருந்து எண்ணையும் மருத்துவத்திலிருந்து தொடக்க நாளையும் எடுத்து ஒட்டியதில், 40 நாள் கருத்துகூடக் கேட்காத இரண்டு வாரத்தை அந்தப் பெண்ணிடமிருந்து சட்டம் பறித்துக்கொண்டது. 120 நாள் கருத்தை ஏற்றிருந்தால் அவளுக்கு அக்டோபர் 12 வரை நேரம் இருந்திருக்கும்.

ஃபத்வாவில் மரபணுக் குறைக்கான வாசல் இதைவிட மோசம். கருவின் மரபணுவைச் சோதிக்க நஞ்சுக்கொடித் திசுவை எடுக்கும் பரிசோதனை ஏறத்தாழ 10ஆம் வாரத்துக்குப் பிறகுதான் செய்யப்படுகிறது. உறுப்புக் குறைகளைக் காட்டும் விரிவான ஸ்கேன் அதற்கும் பல வாரம் பிந்தியது. 40ஆம் நாளில் தெரியவே முடியாத ஒன்றுக்கு 40 நாள் அவகாசம் கொடுப்பது அனுமதியாகாது. மக்காவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹு சபை 1990இல் எடுத்த முடிவு இந்த இடத்தில் கண்ணியமானது: சிகிச்சையில்லாத கடும் குறை கருவுக்கு இருப்பதாகத் தகுதியுள்ள மருத்துவர் குழு உறுதிசெய்தால், பெற்றோர் கேட்டால், 120 நாளுக்குள் கலைக்கலாம். ஈரானில் 2005ஆம் ஆண்டுச் சட்டமும் 4 மாதம் என்ற எல்லையை வைத்தது. தலசீமியா என்ற பரம்பரை இரத்தநோய் பரவலாக இருந்த அந்த நாட்டில், 11ஆம் வாரத்துப் பரிசோதனையும் 4 மாத எல்லையும் ஒன்றுக்கொன்று பொருந்தியதால் அந்தச் சட்டம் குடும்பங்களுக்கு உண்மையிலேயே பயன்பட்டது. அதே ஈரானில் 2021இல் வந்த மக்கள்தொகைச் சட்டம் முடிவெடுக்கும் குழுவில் நீதிபதியை உட்கார வைத்து நடைமுறையை இறுக்கியது; அரசுச் சுகாதார நிலையங்களில் இலவசக் கருத்தடைச் சாதனங்கள் வழங்குவதையும் நிறுத்தியது. இடைப்பட்ட 16 ஆண்டுகளில் ரூஹு ஊதப்படும் நாள் பற்றிய கருத்து மாறவில்லை. மாறியது பிறப்பு விகிதம் குறித்த அரசின் கவலை. உள்ளிருந்து வந்த சீர்திருத்தம் நிலைத்துவிடும் என்று யாரும் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

40 நாள் சட்டத்தின் விளைவு இந்தோனேசியாவின் ஜாம்பி மாகாணத்தில் வெளிப்பட்டது. 2018ஆம் ஆண்டு, சொந்த அண்ணனால் வன்புணர்ச்சிக்கு ஆளான 15 வயதுச் சிறுமிக்குக் கருக்கலைப்புக் குற்றத்துக்காக 6 மாதச் சிறை விதிக்கப்பட்டது. அடுத்த மாதமே மேல்நீதிமன்றம், அவள் நிர்ப்பந்தத்துக்கு உள்ளான நிலையில் இருந்தாள் என்று கண்டு விடுவித்தது. அவளுடைய கர்ப்பம் ஏறத்தாழ 6 மாதம். 120 நாளையும் கடந்தது. எனவே நாள் எல்லையை நீட்டியிருந்தால் மட்டும் அவள் தப்பியிருப்பாள் என்று சொல்வது நேர்மையாகாது. தனக்கு என்ன நேர்ந்தது என்பதை ஒரு சிறுமி யாரிடமும் சொல்ல முடியாமல் 6 மாதம் சுமந்தாள் என்பதற்கு எந்த நாள் கணக்கிலும் விடையில்லை.

நாள் கணக்கைத் தாண்டிக் கேள்வி கேட்டவர்கள் இந்தோனேசியாவின் பெண் உலமாக்கள். 2017 ஏப்ரலில் சிரெபொன் அருகே கெபொன் ஜம்பு பெசந்திரெனில் அவர்களுடைய முதல் மாநாடு கூடியது. அதை நடத்திய பெசந்திரெனின் தலைவரும் பெண்ணே. அந்த அமைப்பின் சுருக்கப் பெயர் குபி. சிறுவயதுத் திருமணத்தைத் தடுப்பது கடமை என்ற ஃபத்வா அங்கே வெளிவந்தது. பெண்ணின் திருமண வயதை 16இலிருந்து 19 ஆக்கும் சட்டம், அரசியலமைப்பு நீதிமன்றத் தீர்ப்பின் பின், 2019இல் வந்தது. அவர்கள் பழைய கித்தாபுகளைத் தூக்கி எறியவில்லை; குர்ஆன், ஹதீஸ், அறிஞர் சொல், நாட்டின் அரசியலமைப்பு என்று வரிசையாக வைத்தே பேசினார்கள். அதோடு ஒன்றைச் சேர்த்தார்கள்: பெண்ணின் அனுபவமும் சட்டத் தீர்மானத்துக்கு ஆதாரம் ஆக வேண்டும். அவர்களில் ஒருவரான நூர் ரொஃபியா இதை 'மெய்யான நீதி' என்ற பெயரில் விளக்குகிறார். மாதவிடாய், கர்ப்பம், பிரசவம், நிஃபாஸ் எனப்படும் பிரசவத்துக்குப் பிந்திய இரத்தப்போக்கு, பாலூட்டல் ஆகிய ஐந்தையும் ஆணின் உடல் அறியாது. எனவே ஆணுக்கு நீதியாகத் தெரிவது பெண்ணுக்கு அப்படியே நீதியாகிவிடாது. குர்ஆனின் 31ஆம் அத்தியாயம் 14ஆம் வசனம், தாய் பலவீனத்தின் மேல் பலவீனமாக அவனைச் சுமந்தாள் என்கிறது. விரும்பிச் சுமப்பதையே இறைவன் அப்படி விவரித்திருக்கும்போது, பலவந்தத்தால் திணிக்கப்பட்ட சுமையை எப்படி எடைபோடுவது என்பது ஃபிக்ஹுக்குள் எழும் கேள்வியே.

2022 நவம்பரில் ஜெபாராவில் நடந்த இரண்டாம் மாநாட்டில் வன்புணர்ச்சிக் கர்ப்பத்தை அவர்கள் நேரடியாக எடுத்துக்கொண்டார்கள். அதுவரை எல்லாச் சபைகளும் "அவள் கலைக்கலாமா, கூடாதா?" என்றே கேட்டன. குபி கேட்டது: "அந்தக் கர்ப்பத்தின் ஆபத்திலிருந்து அவளுடைய உயிரைக் காப்பது யார் மீது கடமை?" பதில்: வாஜிப், அவளுடைய குடும்பம், மார்க்கத் தலைவர்கள், மருத்துவர்கள், மனநல மருத்துவர்கள், அரசு ஆகியோர் மீதெல்லாம் கடமை. உயிரைக் காத்தல் என்பது ஷரீஅத்தின் ஐந்து அடிப்படை நோக்கங்களில் ஒன்று என்ற பழைய கோட்பாட்டில்தான் இது நிற்கிறது. ஆனால் கேள்வி மாறியதும், கைகட்டிக் குற்றவாளியாக நின்றவள் மற்றவர்கள் பதில் சொல்ல வேண்டிய உரிமைக்காரியாகிவிட்டாள். இந்த விவாதத்தில் நான் கண்ட மிக முக்கியமான நகர்வு இதுதான் என்று நினைக்கிறேன்.

இதற்கு மரியாதையோடு எதிர்கொள்ள வேண்டிய ஓர் ஆட்சேபம் உண்டு. எந்த மத்ஹபில் எது இலகுவோ அதைத் தேடித் தேடிப் பொறுக்கினால் மார்க்கம் மனம்போன போக்காகிவிடும் என்பது அது. என் ஆசிரியர்களும் இதைச் சொன்னவர்கள்தான், எச்சரிக்கை சரியானது. ஆனால் அது ஆசைக்காக இலகுவைத் தேடுபவரைப் பற்றியது. ஒரு நாட்டின் உலமா சபை, பொது நன்மையைக் காரணம் காட்டி, எல்லோருக்கும் தெரியும்படி ஒரு கருத்தைத் தேர்ந்தெடுப்பது வேறு செயல். எழுதப்பட்ட சட்டமாக ஷரீஅத்தைத் தொகுத்த எந்த நாடும் அப்படித் தேர்ந்தெடுக்காமல் தொகுத்ததில்லை. கடுமையான சொல்லை எடுப்பதும் ஒரு தேர்வுதான். அதன் விலையைச் செலுத்துபவர் வேறொருவர் என்பதால் அது தேர்வாகத் தோன்றாமல் போய்விடுகிறது.

2023ஆம் ஆண்டின் புதிய தண்டனைச் சட்டம் டச்சுச் சட்டத்தின் இடத்தில் 2026 ஜனவரி 2 முதல் நடைமுறைக்கு வரும்படி இயற்றப்பட்டது. அதன் 463ஆம் பிரிவு, வன்புணர்ச்சி உள்ளிட்ட பாலியல் வன்முறையால் கருத்தரித்தவளுக்கு 14 வாரம் வரை விலக்களிக்கிறது. அதே ஆண்டின் சுகாதாரச் சட்டம் அதைச் சுட்டிக்காட்டுகிறது. 2024 ஜூலையில் வந்த 28ஆம் எண் அரசு விதி நடைமுறையை எழுதியது. மேலே சொன்ன நாட்காட்டியில் 14 வாரம் என்பது செப்டம்பர் 7ஆம் தேதி. அன்று கருவின் வயது 85 நாள். 120க்கு உள்ளேதான் இருக்கிறது. 40 நாள் கருத்துடையவர்கள் ஏற்க மாட்டார்கள், ஹனஃபிகளின் சொல்லுக்கும் மர்வஸீயின் சொல்லுக்கும் முரணில்லை. 12 நாள் என்பது 10 வாரமாகியிருக்கிறது. வன்புணர்ச்சிக்கு ஆளானவளுக்குக் கணவரின் ஒப்புதல் தேவையில்லை என்றும் விதி சொல்கிறது.

மீதியிருப்பது காகிதங்கள். சம்பவத்தோடு கர்ப்பத்தின் வயது பொருந்துகிறது என்று மருத்துவரின் சான்று வேண்டும். வன்முறை நடந்ததாக விசாரணை அதிகாரியின் குறிப்பும் வேண்டும். சிகிச்சையோ, தகுதியுடையதாகக் கருதப்படும் உயர்நிலை மருத்துவமனைகளில்தான். குற்றவாளி அதே வீட்டில் சோறு உண்டுகொண்டிருக்கும்போது, ஜாம்பிச் சிறுமியைப் போன்ற ஒருத்தி காவல் நிலையத்தின் படியேறி அந்தக் குறிப்பைக் கேட்டு வாங்க வேண்டும். குபியின் ஃபத்வா கடமைப்பட்டவர்களின் வரிசையில் அரசையும் வைத்திருப்பதால், அந்தக் குறிப்பில் கையெழுத்திட வேண்டிய அதிகாரியும் வாஜிபுக்கு உட்பட்டவர்களில் ஒருவர்.